காலேஜ் விமன்ஸ் செல் ஒண்ணுக்கொண்ணு கை கொடுக்கிறது எப்படி? வடசென்னை கேள்வி பதில்

வணக்கம். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு காலேஜ்ல 22 வருஷம் பாடம் எடுத்தேன், அதுல 11 வருஷம் விமன்ஸ் செல் பொறுப்பு என்கிட்டதான் இருந்துச்சு. ரிட்டயர்டு ஆனப்புறம் வேற ரெண்டு காலேஜ் ஐசிசில, அதாவது பாலியல் தொல்லை புகார விசாரிக்கிற குழுவுல, வெளி உறுப்பினரா போயிட்டு வரேன். நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீங்க, பேர் போட வேணாம்னு நானே சொன்னேன், அதனால ஏரியா மட்டும் இருக்கு.

கொருக்குப்பேட்டை, பி.காம் ரெண்டாவது வருஷம்: அக்கா, எங்க காலேஜ்ல விமன்ஸ் செல்னு போர்டு இருக்கு, ரூம் எப்பவும் பூட்டியே கெடக்கு. மார்ச் 8க்கு கோலப்போட்டி வைப்பாங்க, அவ்ளோதான். அது எதுக்குமா இருக்கு?

கோலப்போட்டி வைக்கட்டும்மா, தப்பில்ல, ஆனா அதோட முடிஞ்சுட்டா அது செல் இல்ல. இதுல ரெண்டு விஷயத்த நிறைய பேர் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. விமன்ஸ் செல்ங்கறது நீ போய் உக்காந்து பேசுற இடம், வீட்டு பிரச்சனையோ, ஹாஸ்டல் பிரச்சனையோ, பீஸ் கட்ட முடியலயோ, எதுவா இருந்தாலும். ஐசிசி, அதாவது உள் புகார் குழு, அது பாலியல் தொல்லை புகார விசாரிக்கிற இடம், அது சட்டப்படி இருந்தே ஆகணும். 1997ல சுப்ரீம் கோர்ட்டோட விசாகா தீர்ப்பு வந்து, அப்புறம் 2013ல வேலை செய்யற இடத்துல நடக்கற பாலியல் தொல்லைக்கு எதிரா சட்டம் வந்து, காலேஜுக்குன்னே யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தனி விதிமுறை போட்டுச்சு. அதுல என்ன முக்கியம்னா, புகார்ல ஸ்டூடண்ட் சம்பந்தப்பட்டிருந்தா குழுவுல 3 ஸ்டூடண்ட் இருக்கணும், அதுவும் எலக்சன் வெச்சு வந்தவங்களா இருக்கணும், மேனேஜ்மென்ட் கை காட்டுறவங்க இல்ல. ஹெச்ஓடி, டீன் மாதிரி பெரிய பதவியில இருக்கறவங்க உறுப்பினரா இருக்கக்கூடாது. வெளியில இருந்து ஒருத்தர் கண்டிப்பா வேணும். உங்க காலேஜ் நோட்டீஸ் போர்டுல இந்த பேர் லிஸ்ட் இருக்கான்னு நாளைக்கே பாரு, இல்லன்னா நாலு பேர் சேர்ந்து எழுதி குடுங்க, தனியா குடுக்காத.

மாதவரம், உதவிப் பேராசிரியர்: மேடம், இந்த வருஷம் செல் பொறுப்ப என் தலையில கட்டிட்டாங்க. வயசுலயும் நான்தான் சின்னவ. ஏதாவது கேஸ் வந்தா யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல, ராத்திரி தூக்கம் வரல.

டீச்சர், உங்க கேள்வியத்தான் நான் ரொம்ப நேரம் வெச்சு பாத்தேன், ஏன்னா நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன்.

ஒரு காலேஜ்ல ஒரே ஒரு செல் தனியா நின்னா அதால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, இது என் அனுபவத்துல நான் அடிச்சு சொல்லுவேன். புகார் குடுத்த பொண்ணு, புகார் யார் மேலயோ அவரு, விசாரிக்கிற நீங்க, எல்லாரும் அதே கேண்டீன்ல டீ குடிக்கிறீங்க, அடுத்த வருஷம் உங்க இன்க்ரிமென்ட்ல கையெழுத்து போடுறவரு அவரோட ப்ரெண்டா இருப்பாரு. அதனாலதான் பக்கத்து காலேஜ் வேணும். நாங்க ஆரம்பிச்சப்போ நாலு காலேஜ், வியாசர்பாடில இருந்து தண்டையார்பேட்டைக்குள்ள. பெரிய அமைப்பு, பதிவு, லோகோ எதுவும் கெடையாது. மாசத்துல கடைசி சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு காலேஜ் லைப்ரரி பின்னாடி ரூம்ல உக்காருவோம், லாங் சைஸ் நோட்டு ஒண்ணு, அதுல யார் என்ன கேட்டாங்க, யார் என்ன சொன்னாங்கன்னு எழுதுவோம். அந்த நோட்டு சுத்திக்கிட்டே இருக்கும், இந்த மாசம் உங்ககிட்ட, அடுத்த மாசம் என்கிட்ட. அப்பல்லாம் மெட்ரோ கெடையாது, 2021ல விம்கோ நகர் வரைக்கும் வந்தப்புறம்தான் திருவொற்றியூர் பக்கத்துல இருந்து வர்ற டீச்சர்ங்களுக்கு கண்டெய்னர் லாரிக்கு நடுவுல மாட்டாம வர முடிஞ்சுது, சாதாரண விஷயம் மாதிரி தெரியும், ஆனா மீட்டிங் ஆறு மணிக்கு முடிஞ்சா ஏழு மணிக்கு வீட்ல இருக்கலாம்னா வர்றவங்க எண்ணிக்கையே மாறிடுது.

என்ன பகிர்ந்துக்கறதுன்னா, வெளி உறுப்பினரா வரக்கூடிய ஆளுங்க லிஸ்ட் முதல்ல. பாதி காலேஜ்ல கரெஸ்பாண்டென்ட்டுக்கு தெரிஞ்ச வக்கீலம்மாவ போட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு உக்காந்திருப்பாங்க. ரெண்டாவது, நோட்டீஸுக்கும் விசாரணை அறிக்கைக்கும் மாதிரி படிவம், பேர் எடுத்துட்டு வெறும் படிவமா. விசாரணைய 90 நாள்ல முடிக்கணும், புதுசா வர்றவங்க படிவம் தயார் பண்றதுலயே ஒரு மாசத்த விட்டுடுவாங்க. மூணாவதுதான் எனக்கு ரொம்ப பெருசு: கவுன்சிலர, அதாவது மனசு விட்டு பேச வைக்கிற ஆலோசகர, மாத்திக்கறது. அவங்க காலேஜ் கவுன்சிலர் புதன்கிழமை நம்ம கிட்ட, நம்ம ஆளு வியாழக்கிழமை அங்க. சொந்த காலேஜ் ஆளுகிட்ட வாய தொறக்காத பொண்ணு வெளி ஆளுகிட்ட பத்து நிமிஷத்துல அழுதுடும்.

நீங்க இப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, உங்களுக்கு பக்கத்துல இருக்கற ரெண்டு காலேஜ் செல் பொறுப்பாளருக்கு இந்த வாரமே போன் பண்ணுங்க. கேஸ் வந்தப்புறம் போன் பண்ணா அது பதட்டத்துல பண்றது, அப்ப அவங்க யாருன்னே உங்களுக்கு தெரியாது.

ராயபுரம், எம்.எஸ்சி: மேம், இப்படி நாலு காலேஜ் டீச்சருங்க கூடி பேசுனா எங்க விஷயம் வெளிய போகாதா? எங்க ஏரியால ஒரு விஷயம் காதுல விழுந்தா சாயந்தரத்துக்குள்ள தெருவே பேசும்.

போகும்மா, பாத்து நடந்துக்கலன்னா போகும். எங்க மீட்டிங்ல ஒரு தடவ நடந்துச்சு. ஒரு டீச்சர் பேர் சொல்லல, ஆனா எந்த டிபார்ட்மென்ட், எந்த வருஷம், காசிமேட்டுல இருந்து வர்ற பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. கேட்டவங்கள்ல ஒருத்தர் வீட்டுல போய் சொல்ல, ரெண்டு நாள்ல அந்த பொண்ணோட அக்கா காதுக்கு வந்துடுச்சு. அந்த பொண்ணு ஒரு வாரம் காலேஜுக்கு வரல. நாங்க நேரா போய் மன்னிப்பு கேட்டோம், அது என்ன மன்னிப்பு, அந்த முகம் இன்னும் எனக்கு கண்ணுல நிக்குது.

அதுக்கப்புறம் வெச்ச கட்டுப்பாடு இதுதான்: பேர், டிபார்ட்மென்ட், வருஷம், ஏரியா, சாதி, அப்பா வேலை எதுவும் வரக்கூடாது. "ஒரு பொண்ணு இப்படி சொன்னா, என்ன பண்ணலாம்"னு மட்டும்தான் கேக்கணும். ஐசிசிக்கு வந்த புகாரா இருந்தா அது கூட பேசக்கூடாது, 2013 சட்டத்துல 16வது பிரிவு ரகசியம் காக்கணும்னு தெளிவா சொல்லுது. அங்க நடைமுறை மட்டும்தான் கேக்கலாம், சம்பவம் பேசக்கூடாது. உங்க டீச்சர்கிட்ட நீங்களே முன்னாடியே கேளுங்க, "மேடம், நான் சொல்றத யார்கிட்ட எல்லாம் சொல்லுவீங்க"ன்னு. கேக்கறதுல தப்பே இல்ல.

திருவொற்றியூர், ஒரு அப்பா: பொண்ணு புகார் குடுத்தா இன்டர்னல் மார்க்ல கைய வெச்சுடுவாங்கன்னு பயமா இருக்கு மேடம்.

பயம் நியாயமானது சார், நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா விசாரணை நடக்கும்போதே, புகார் யார் மேலயோ அந்த ஆளு உங்க பொண்ணோட பேப்பர திருத்தக்கூடாது, மதிப்பிடக்கூடாதுன்னு குழு பரிந்துரை பண்ண யூஜிசி விதியில இடம் இருக்கு. வேற செக்சனுக்கு மாத்தச் சொல்லலாம், பொண்ணுக்கு 3 மாசம் வரைக்கும் லீவு குடுக்கச் சொல்லலாம். இதெல்லாம் தானா நடக்காது, புகாரோட சேர்த்து எழுத்துல கேக்கணும், நகல்ல தேதி போட்டு சீல் வாங்கி வீட்ல வைங்க. பொண்ணு கூட நீங்க வந்து நின்னாலே பாதி பேர் வாய மூடிக்குவாங்க சார்.

எண்ணூர்: நடந்து நாலு மாசம் ஆச்சு அக்கா, இனிமே புகார் குடுக்க முடியாதுன்னு சொல்றாங்க.

முடியும். 3 மாசத்துக்குள்ள குடுக்கணும்ங்கறது விதி, ஆனா காரணம் சரியா இருந்தா குழு இன்னொரு 3 மாசம் நீட்டிக்கலாம். ஏன் லேட்டாச்சுன்னு ஒரு பாரா எழுதி சேர்த்து உடனே குடும்மா, நாள் கடத்தாத. எழுத வரலன்னா எழுத உதவி பண்ண வேண்டியது அவங்க கடமை.

பாரிமுனை, இன்டர்ன்ஷிப்: நான் போற ஆபீஸ்ல மொத்தமே ஆறு பேர்தான், ஓனரே தப்பா நடந்துக்கறார். காலேஜ்ல வெளிய நடந்ததுக்கு நாங்க பொறுப்பில்லன்னுட்டாங்க.

சட்டத்துல ஊழியர்ங்கற வார்த்தைக்குள்ள பயிற்சிக்கு வர்றவங்களும் வருவாங்க. 10 பேருக்கு கம்மியா இருக்கற இடம்னாலும் சரி, ஓனர் மேலயே புகார்னாலும் சரி, மாவட்ட அளவுல உள்ளூர் குழு இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க. முதல்ல அங்க போறத நிறுத்து, சர்டிபிகேட் போனா போகுது. உன் செல் டீச்சர் கூட வரலன்னா பக்கத்து காலேஜ் டீச்சர் வருவாங்க, நாங்க அப்படி ரெண்டு தடவ போயிருக்கோம்.

பழைய வண்ணாரப்பேட்டை, ஃபைனல் இயர்: வீட்ல படிப்ப நிறுத்திட்டு கல்யாணம் பண்ண பாக்குறாங்க. இதுக்கெல்லாம் செல்லுக்கு வரலாமா?

இதுக்குத்தான்மா வரணும். நான் பாத்ததுல தொல்லை புகார விட இதுதான் அதிகம்.

ஒரு பொண்ணோட அம்மா மீன் விக்கிறவங்க. நாங்க காலேஜுக்கு கூப்பிட்டோம், வரல, மூணு தடவ கூப்பிட்டும் வரல. அப்புறம்தான் புரிஞ்சுது, அவங்க வியாபாரம் முடியவே மதியம் ஆயிடும், அந்த கூடையோட காலேஜ் கேட்டுக்குள்ள வர அவங்களுக்கு கூச்சம். நாங்க ரெண்டு பேர் ரெண்டு மணிக்கு அவங்க உக்கார்ற இடத்துக்கே போனோம். ஐஸ் தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு, பலகைய கழுவிட்டு அதுமேலயே உக்கார வெச்சாங்க. படிப்போட அருமைய பத்தி நாங்க ஒரு வார்த்த பேசல, கடன் எவ்ளோன்னுதான் கேட்டோம். விஷயம் அங்கதான் இருந்துச்சு, மாப்பிள்ள வீட்ல எதுவும் கேக்கலங்கறதாலதான் அவசரப்பட்டாங்க. கூட வந்த பக்கத்து காலேஜ் டீச்சருக்கு மகளிர் குழு கடன் பத்தி நல்லா தெரியும், அவங்க பேசுனது எடுபட்டுச்சு. பொண்ணு டிகிரி முடிச்சுட்டா.

6ல இருந்து 12 வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா உன் அக்கவுண்ட்டுக்கே வரும், 2022 செப்டம்பர் 5ல நம்ம பாரதி மகளிர் கல்லூரிலதான் அத ஆரம்பிச்சாங்க. அந்த பணம் வருதான்னு பாத்துக்கோ, வீட்ல பேசும்போது அது ஒரு பலம். உனக்கு 18 தாண்டியிருந்தா உன் சம்மதம் இல்லாம கட்டி வெக்க முடியாது. மிரட்டுனாங்கன்னா பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணு, ராத்திரியும் எடுப்பாங்க.

பெரம்பூர், மாணவர்: பசங்க இதுல ஏதாவது பண்ணலாமா மேடம்?

பண்ணலாம்பா. க்ளாஸ் வாட்ஸாப் குரூப்ல ஒரு பொண்ணு போட்டோ சுத்துனா மொதல்ல "டிலீட் பண்ணு"ன்னு சொல்ற ஆளா இரு. ஆன்லைன்ல வெளிய பரவிடுச்சுன்னா சைபர் க்ரைம் நம்பர் 1930க்கு சொல்ல உதவி பண்ணு.

மாதவரம், அதே டீச்சர்: வெளிநாட்டு காலேஜ்ல எல்லாம் எப்படி மேடம்? எங்க மேனேஜ்மென்ட் ஃபண்ட் இல்லன்னு சொல்லுது.

அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டில 1960லயே விமன்ஸ் சென்டர் வந்துடுச்சு. அங்க நிறைய இடத்துல முழு நேர ஆளு, தனி ரூம், தனி பட்ஜெட் இருக்கு. 1977ல ஆரம்பிச்ச தேசிய மகளிரியல் ஆய்வு சங்கத்துக்குள்ள சென்டர் நடத்துறவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து பேசிக்கறாங்க. நம்மள மாதிரி பாடமும் எடுத்து பேப்பரும் திருத்தி நடுவுல செல் பாக்கறவங்க அதோட ஒப்பிட்டு மனசு ஒடைய வேணாம்.

ஃபண்டுன்னா, எங்களுக்கு ஆன செலவு டீ, ஜெராக்ஸ், ஆட்டோ. சட்ட வகுப்புக்கு காசு குடுக்காதீங்க, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு லெட்டர் குடுத்தா அவங்களே வந்து எடுப்பாங்க. பொண்ணுங்களுக்கு இலவச வக்கீலும் அங்கயே கெடைக்கும், பெண்ணுன்னா வருமானம் பாக்கறதில்ல, நம்பர் 15100. தற்கொலை எண்ணத்தோட வர்ற பொண்ண நீங்களே சமாளிக்க பாக்காதீங்க, சென்னைல சிநேகாங்கற அமைப்பு 1986ல இருந்து அதுக்குன்னே இருக்கு, அரசு நம்பர் 14416ம் இருக்கு, கைய புடிச்சு உக்கார வெச்சு உங்க முன்னாடியே பேச வைங்க.

வியாசர்பாடி, செல் ஸ்டூடண்ட் மெம்பர்: புகார் பெட்டில ஒரு வருஷமா ஒரு லெட்டரும் வரல மிஸ். பிரச்சனையே இல்லன்னு எழுதி அனுப்பிடவான்னு கேக்கறாங்க.

அனுப்ப விடாதம்மா. பெட்டி எங்க மாட்டியிருக்குன்னு போய் பாரு. எங்க பெட்டி பிரின்சிபால் ரூம் வாசல்ல, கேமராவுக்கு நேர் கீழ இருந்துச்சு, பூட்டு துருப்புடிச்சு சாவியே போகல. கழட்டி லேடீஸ் டாய்லெட்டுக்கு போற வராண்டால, கை கழுவுற எடத்துக்கு பக்கத்துல மாட்டுனோம், சாவி ஒண்ணு டீச்சர்கிட்ட, ஒண்ணு ஸ்டூடண்ட்கிட்ட, வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்துதான் தொறக்கணும்னு வெச்சோம். மூணாவது வெள்ளிக்கிழமை அதுல மடிச்ச பேப்பர் அஞ்சு இருந்துச்சு.