முகிலுக்குக் கீழே ஏன் இந்தப் புழுக்கம்? கேள்வி பதில்

கதிர்வீச்சு (சூரிய ஒளியும் பூமியின் வெப்பக் கதிரும்), முகில், காலநிலை மூன்றையும் சேர்த்து ஆராயும் அறிவியல் மாநாடுகளில் என்ன பேசுகிறார்கள் என்று கொழும்பு நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். வளிமண்டலப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், வெள்ளவத்தை: ஐயா, நாளை மழை வருமா என்று சொன்னால் போதாதா? இதற்கென்று ஒரு மாநாடு வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். சர்வதேசக் கதிர்வீச்சு ஆணைக்குழுவின் கருத்தரங்கு 2012இல் பெர்லினிலும் 2016இல் ஒக்லாந்திலும் நடந்தது. அடுத்தது கொரோனாவால் தள்ளிப்போய் 2022இல் தெசலோனிக்கியில் கூடியது. அங்கே நாளைய மழையைப் பற்றிப் பேச்சில்லை. பூமியின் வரவுசெலவுக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். வங்கியில் இருந்த உங்களுக்கு இது உடனே பிடிபடும். சூரியனிடமிருந்து சதுர மீற்றருக்குச் சராசரியாக 340 வாற்று வருகிறது. ஏறத்தாழ 100 வாற்று அப்படியே திரும்பிவிடுகிறது. மிச்சம் 240உம் வெப்பக் கதிராக வெளியேறினால் கணக்கு நேராகும். இப்போது நேராவதில்லை. மிஞ்சும் தொகை 2005க்கும் 2019க்கும் இடையில் ஏறக்குறைய இரட்டித்ததைச் செய்மதி அளவீடுகளும் கடல் அளவீடுகளும் ஒன்றுபோலக் காட்டின. அதில் பெரும்பங்கு கடலுக்குள் போய்ச் சேர்கிறது.

இல்லத்தரசி, கொட்டாஞ்சேனை: தம்பி, பகலில் முகில் மூடினால் நிம்மதி. இரவில் மூடினால் மின்விசிறி சுழன்றும் தூக்கமில்லை. ஏன்?

அம்மா, பகலில் முகில் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இரவில் திருப்பியனுப்ப வெயிலே இல்லை. சூடேறிய சுவரும் தாரும் வெளிவிடும் செந்நிறக்கீழ்க் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, முகில் உறிஞ்சி, தன் பங்குக்குக் கீழ்நோக்கியும் கதிர்வீசுகிறது. பட்டறைகளில் இயந்திரச் சூடு பார்க்கும் தொடாத வெப்பமானி இருக்கிறதல்லவா? இரவில் மொட்டை மாடியில் நின்று அதை முகிலை நோக்கிப் பிடியுங்கள். பிறகு முகிலற்ற இடைவெளியை நோக்கிப் பிடியுங்கள். எண் பல பாகை இறங்கும். கொழும்பில் காற்றின் ஈரப்பதனும் முகிலோடு கூட்டுச் சேர்ந்துகொள்கிறது.

உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி: சேர், அப்படியென்றால் முகில் பூமியைக் குளிர்விக்கிறதா, சூடாக்குகிறதா?

மகள், இந்தத் துறையின் நடுநாயகமான கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதனும் சகாக்களும் 1989இல் செய்மதித் தரவைக் கொண்டு விடை சொன்னார்கள்: மொத்தமாகப் பார்த்தால் குளிர்விக்கிறது. இன்றைய கணக்கில் உலகச் சராசரியாகச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 20 வாற்று.

ஆனால் அந்தச் சராசரிக்குள் நிறைய மறைந்திருக்கிறது. கடலை ஒட்டித் தாழ்வாகப் படரும் தடித்த முகில் நன்றாகக் குளிர்விக்கும். உயரத்தில் மெல்லிய இழையாக நிற்கும் கீற்று முகில் வெயிலை உள்ளே விட்டுவிட்டு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஏப்ரலில் நம் தலைக்கு மேல் பிற்பகலில் இடியோடு எழும் முகில்கள் வேறு வகை. அவை திருப்பியனுப்பும் வெயிலும் தடுத்துவைக்கும் வெப்பமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. எவ்வளவு பெரிய இரண்டு எண்கள் மோதி எவ்வளவு சிறிய மிச்சம்! எண்ணும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பூமி சூடேறும்போது முகில் எப்படி மாறும் என்பதுதான் இப்போதைய கவலை. வெப்பக் கடல்களின் தாழ் முகில் குறையும், உயர் முகில் இன்னும் மேலே போகும். இரண்டுமே சூட்டைக் கூட்டும். காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை, காபனீரொட்சைட்டு இரட்டித்தால் நெடுங்கால அளவில் வெப்பநிலை 3 பாகை உயரும் என்று மதிப்பிட்டு, 2.5 முதல் 4 வரை இடம் விட்டிருக்கிறது. அந்த இடைவெளிக்கு முதல் காரணம் முகில். முகிலை மேலிருந்து கீழ்வரை ஊடுருவிப் பார்க்க 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் ஏவிய எர்த்கேர் செய்மதியில் ராடாரும் லேசர்க் கருவியும் சேர்ந்தே இருக்கின்றன.

சோலார் பொருத்தியவர், தெஹிவளை: முகில் சிதறிக் கிடக்கும்போது மானி சில நொடி திடீரென்று எகிறுகிறது. பழுதா?

பழுதில்லை. நேர் வெயிலோடு, சூரியனுக்குப் பக்கத்து முகிலின் விளிம்பிலிருந்து சிதறும் ஒளியும் தகட்டில் விழுகிறது.

துறைமுக ஊழியர், முகத்துவாரம்: கப்பல் புகைக்கும் முகிலுக்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. புகையிலுள்ள கந்தகத் துகள்களைச் சுற்றி நீர்த்துளிகள் உருவாகின்றன. துளிகள் சிறிதாகி எண்ணிக்கையில் பெருகினால் முகிலின் வெண்மை கூடும். நம் தீவின் தெற்கே மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதையின் மேல், சுற்றுக் கடலைவிட ஏறக்குறைய இரு மடங்கு மின்னல் வெட்டியதாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்கு இறங்கியது. மூச்சுக்கு அது நல்லது. ஆனால் முகிலின் வெண்மையால் கிடைத்த நிழலும் கொஞ்சம் குறைகிறது.

அதே ஊழியர்: அப்படியானால் நாமே கடல்நீரைத் தூவி முகிலை வெளுக்கச் செய்யலாமே?

1990இலேயே எழுந்த யோசனை அது. எனக்கு உடன்பாடில்லை. தூவுவதை நிறுத்தினால் அடக்கிவைத்த சூடு வேகமாக வெளிப்படும். பருவமழை இடம் மாறினால் யாரிடம் போய்க் கேட்பது?

மாணவர், தெமட்டகொடை: சேர், நான் இப்போதே என்ன செய்யலாம்?

தம்பி, நாசா ஆதரவில் நடக்கும் குளோப் திட்டத்தின் கைபேசிச் செயலியில் முகில் அவதானிப்பைப் பதியலாம். செய்மதி மேலே கடக்கும் நேரத்தைச் செயலியே சொல்லும். வானத்தில் எத்தனை பங்கு முகில், என்ன வகை, ஊடே சூரியன் தெரிகிறதா என்று குறித்து, நாற்றிசைப் படமும் எடுத்து அனுப்பு. உன் பதிவைச் செய்மதிப் பதிவோடு ஒப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள். முகிலே இல்லாத நாளையும் பதியத் தவறாதே, அதுவும் தரவுதான்.