எந்த அலி?

கேள்வி: முகமது அலியும் மைக் டைசனும் அவரவர் உச்சத்தில் குத்துச்சண்டையில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பதில்: ‘உச்சம்’ என்கிறீர்கள். டைசனின் உச்சம் எது என்றால் யோசிக்காமல் சொல்லலாம்: 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டி. அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் சாய்த்தார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிறையவில்லை. அலிக்கு எந்தத் தேதியைச் சொல்வது?

1967 மார்ச்சில் ஜோரா ஃபோலியை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தியபோது அலிக்கு வயது 25. அடுத்த மாதமே, வியட்நாம் போர் நடக்கும்போது ராணுவத்தில் சேர மாட்டேன் என்றார். உரிமம் போனது, பட்டம் போனது. மறுபடி ரிங்கில் ஏறியது 1970 அக்டோபரில். மூன்றரை வருஷம்! காலில் வேகமும் கையில் பலமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் வயது அதுதான். திரும்பி வந்தவர் வேறு அலி. 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து, அன்றைய சாம்பியன் ஃபோர்மனின் குத்துகளை வாங்கி வாங்கி அவரைக் களைப்பாக்கி ஜெயித்ததைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 25 வயது அலியை அத்தனை முறை தொட்டிருக்கவே முடியாது. ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அவருக்கு விதித்த தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971 ஜூனில் ரத்து செய்தது. அப்போது அவருக்கு 29.

இதை இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் ‘விளையாட்டில் அரசியல் எதற்கு?’ என்று கோபமாகக் கடிதம் வரும். வரட்டும். தோற்காத ஒருவரிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கிய குத்துச்சண்டைச் சங்கங்களைத்தான் அந்தக் கேள்வி கேட்க வேண்டும்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். அதுவும் நடந்து முடிந்த கதைதான். 1967-ல் அமெரிக்க ரேடியோக்காரர் ஒருவர் பல காலத்துச் சாம்பியன்களைக் கம்ப்யூட்டரில் மோதவிட்டார். ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக முடிவு வந்தது. பட்டம் கையில் இருந்தவரை கறுப்பர் யாரையும் பட்டத்துக்காகச் சந்திக்க மறுத்தவர் ஜெஃப்ரீஸ்! அலி வழக்குப் போட்டார். அது சமரசமாகி, அடுத்ததாக ராக்கி மார்சியானோவுடன் ஒரு கம்ப்யூட்டர் சண்டை. 49 சண்டையில் 49 வெற்றியோடு ஓய்வுபெற்றவர் மார்சியானோ. 1969-ல் மயாமியில் அவர் உடம்பை இளைத்து, விக் வைத்துக்கொண்டு வந்தார். தொழில் பறிபோயிருந்த அலியும் வந்தார். ஒரு நிமிஷ ரவுண்டுகளாக எழுபது வரை நடித்துக் கொடுத்தார்கள். முடிவுகளைப் பலவிதமாகப் படமெடுத்து வைத்தார்கள். 1970 ஜனவரியில் தியேட்டர்களில் காட்டியபோது 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார். அதைப் பார்க்க அவர் இல்லை. ஐந்து மாதம் முன்பே விமான விபத்தில் இறந்திருந்தார். சண்டை போட அனுமதி இல்லாத ஒருவனுக்கு, ‘நீ தோற்றுப்போனாய்’ என்று ஒரு மெஷின் தீர்ப்பெழுதியது. எனக்கு அந்த விளையாட்டு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் அலிதான். முதல் நான்கு ரவுண்டு டைசனிடம் பயம் உண்டு. அதற்குள் அவரால் முடிக்க முடியாது. அப்புறம் அலியின் நீளமான இடதுகை பார்த்துக்கொள்ளும்.

அலி 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். நேரில் பார்த்தவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். எதிரே நின்றவர் பெயரைக் கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. ஜிம்மி எல்லிஸ். அலியின் சொந்த ஊரான லூயிவில்காரர், சின்ன வயதுத் தோழர், ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கூட்டாளி. அலியிடமிருந்து பறித்த பட்டத்துக்கு ஆள் தேட ஒரு சங்கம் எட்டுப் பேரை வைத்துப் போட்டி நடத்தியதே, 1968-ல் அதை ஜெயித்தவர் அவர்தான்.