12 பிரதியும் ஓர் ஏரியும்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் குப்பை கொட்டுவதை எதிர்த்து, நண்பர்கள் சேர்ந்து லினோகட் (லினோலியம் பலகையில் செதுக்கி, மை தடவி அச்செடுப்பது) அச்சுப் படங்கள் செய்தோம். ஒவ்வொன்றிலும் 12 பிரதிகள் எடுத்து, எண் போட்டு, கையெழுத்திட்டு, ஃபிரேம் மாட்டி, நகரத்து கேலரி ஒன்றில் வைத்தோம். ஏரிக்கரை மக்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நம் ஊரில் கலையை வைத்து மக்களைத் திரட்டவே முடியாதா? (ஒரு படத்தின் நகலும் இணைத்துள்ளேன்.)
- வாசகி, கும்பகோணம்

பதில்: மக்கள் மேல் பழி போடுவது இருக்கட்டும். 12 பிரதியோடு ஏன் நிறுத்தினீர்கள்? ஒரு பலகையைச் செதுக்கிவிட்டால் அதிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். எண்ணிக்கையைக் குறைத்து எண் போடுவது விலை ஏறுவதற்காக. உங்கள் ஏரிக்கு அதனால் என்ன லாபம்?

1968 மே மாதம் பாரிஸில் மாணவர் கிளர்ச்சியும் தொழிலாளர் வேலைநிறுத்தமும் ஒன்றுசேர்ந்த நேரம். அங்கே நுண்கலைப் பள்ளியைப் பிடித்துவைத்திருந்த மாணவர்களும் ஓவியர்களும் முதலில் உங்களைப் போலத்தான் யோசித்தார்கள். கல்லச்சில் ஒரு சுவரொட்டி, 30 பிரதி. கேலரியில் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் சேர்ப்பதாகத் திட்டம். எடுத்துக்கொண்டு கிளம்பினால், தெருவில் நின்றவர்கள் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்! கூட இருந்த ஓவியர் ழெரார் ஃப்ரொமான்ஜே பிற்பாடு சொன்னது இது.

அப்புறம் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு மாறினார்கள். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் பனியனும் அடிக்கிற அதே முறைதான். யாரும் கையெழுத்துப் போடவில்லை. எந்தப் படத்தை அச்சடிப்பது என்று கூட்டம் போட்டு முடிவுசெய்தார்கள்: சொல்லும் விஷயம் சரியா, பார்த்தவுடன் புரிகிறதா? வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிற்சாலைகளுக்கும் சுவரொட்டி போனது. தொலைக்காட்சி அரசின் கையில் இருந்த காலம். போராடியவர்களின் பேச்சு சுவரில் வந்தது. இவற்றை அலங்காரமாக மாட்டுவது இவற்றின் வேலையையும் வலிமையையும் கெடுப்பது என்றே அவர்கள் எழுதி வைத்தார்கள். (இன்று அதே சுவரொட்டிகள் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. ஏலத்திலும் போகின்றன. அது வேறு கதை.)

சரி, ஆட்சி கவிழ்ந்ததா? இல்லை. ஜூன் மாதமே போலீஸ் பள்ளியைக் காலி செய்தது. அந்த மாதத் தேர்தலில் அதிபர் தெ கோலின் கட்சிதான் அமோகமாக ஜெயித்தது. சுவரொட்டியால் எல்லாம் நடந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒன்றும் நடக்காது என்றால், 1943 வங்கப் பஞ்சத்தில் மேதினிபூர் கிராமங்களைச் சுற்றி ஓவியர் சித்தபிரசாத் வரைந்து வெளியிட்ட 'பசித்த வங்காளம்' என்ற சின்னப் புத்தகத்தை ஆங்கில அரசு ஏன் பறிமுதல் செய்து அழிக்க வேண்டும்? பசியில் வாடியவர்களைப் பெயரோடும் ஊரோடும் காட்டியிருந்தார் அவர்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். பூமித் தாய் அழுகிறாள். நன்றாகவே செதுக்கியிருக்கிறீர்கள். ஆனால் குப்பை லாரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, யார் அனுப்புகிறார்கள்? ஒன்றும் காணோம். கரையில் வலை வீசுகிறவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும். பலகையை எடுக்கும் முன் அவரிடம் பேசினீர்களா? பேசியிருந்தால் படமும் வேறாக வந்திருக்கும், அவரும் வந்து பார்த்திருப்பார்.

பிரதி எடுத்து முடித்ததும், மேலும் எடுக்க முடியாதபடி பலகையைக் கீறிப்போடும் வழக்கம் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யவில்லையென்றால், மலிவான தாளில் இன்னும் 200 அடியுங்கள். எண் வேண்டாம். ஒட்டும் முன் சுவருக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஊர் உங்கள் பசையைப் பற்றித்தான் பேசும்.