எந்த வயதில் எந்த நோய் ஆபத்து? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயதையும் மரண ஆபத்தையும் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். நோயாளியின் வயது என்ன, வேறு நோய்கள் உண்டா, எதுவும் எழுதாமல் "பயப்பட வேண்டுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. "சின்ன வயசுலயே வந்துட்டுப் போகட்டும், பெரியவளானப்புறம் வந்தா கஷ்டம்" என்கிறார் மாமியார். 6 வயது மகளை அங்கே விளையாட அனுப்பலாமா? (சேலம்)

அனுப்பாதீர்கள். பெரியவர்களுக்கு வந்தால் கஷ்டம் என்று அவர் சொல்வது உண்மைதான். சின்னம்மையில் இறக்கும் ஆபத்து, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்குச் சுமார் 25 மடங்கு. பெரும்பாலும் நிமோனியாதான் காரணம். ஆனால் அதற்கு வழி தடுப்பூசி. நோயைத் தேடிப் போய் வாங்குவது இல்லை. இரண்டு டோஸ் போட வேண்டும். அரசு அட்டவணையில் கிடையாது, தனியாரிடம்தான் போட வேண்டியிருக்கும். ஏற்கனவே சேர்ந்து விளையாடிவிட்டார்கள் என்றாலும் 3 நாளைக்குள், அதிகபட்சம் 5 நாளைக்குள் போட்டால் பலன் உண்டு. உங்களுக்கே அம்மை வந்ததில்லை என்றால் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தால் போடக் கூடாது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே போகக் கூடாது என்ற வழக்கம் நல்ல வழக்கம். கர்ப்பிணிகள் அதைக் கட்டாயம் மதிக்க வேண்டும்.

வெறிநாய்க்கடியைக் குழந்தைகள் தாங்குவார்களா, பெரியவர்கள் தாங்குவார்களா?

யாரும் தாங்க மாட்டார்கள். ரேபீஸ் அறிகுறி தோன்றிவிட்டால் எந்த வயதிலும் ஏறக்குறைய 100 சதவீதம் மரணம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே ஊசிக்குப் போங்கள், நாள் கடத்தாதீர்கள்.

கணவருக்கு நுரையீரல் காசநோய். மாத்திரை தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. 8 வயது மகன் அவருடன்தான் தூங்குவான், அவனை நினைத்தால்தான் பயம். 10 மாதப் பெண் குழந்தையும் உண்டு, அவள் என்னுடன் இருக்கிறாள். (விழுப்புரம்)

அம்மா, நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது மகளைப் பற்றி. 5 வயதிலிருந்து பருவமடையும் வரை உள்ள காலம் காசநோய் மிகக் குறைவாகக் கொல்லும் காலம். ஒரு வயதுக்குள் கிருமி தொற்றி, மருந்தும் கொடுக்காமல் விட்டால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு அது நோயாக மாறிவிடும். பத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவோ உடம்பு முழுக்கப் பரவும் வகையாகவோ போகும். பிறந்ததும் போடும் பிசிஜி தடுப்பூசி இந்த இரண்டையும் குறைக்கும். தொற்றே வராமல் தடுக்காது. "என்னுடன் இருக்கிறாள்" என்கிறீர்கள், ஆனால் மூச்சு விடுவது அதே வீட்டுக் காற்றைத்தான். இரண்டு பேரையும் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து தருவார்கள், இலவசம்தான். சில வாரங்களாக மகளுக்கு எடை ஏறவில்லை என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். நாள் கடத்தாதீர்கள்.

கொரோனாவில் இறந்தவர்களில் பாதிப் பேர் 60 வயதுக்குக் கீழே என்று அரசுக் கணக்கே சொன்னது. அப்படியானால் வயதானவர்களுக்குத்தான் ஆபத்து என்று பயமுறுத்தியது பொய்தானே? (கோயம்புத்தூர்)

இந்தக் கேள்வி 2020இலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. இது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. இதை நம்பி வீட்டுப் பெரியவர்களுக்கு ஊசி போடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கைப் பொறுமையாகப் போடுவோம். 2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது, இறந்தவர்களில் 53 சதவீதம் பேர் 60 தாண்டியவர்கள் என்று. அப்படியானால் 47 சதவீதம் அதற்குக் கீழே. சரி, நாட்டில் 60 தாண்டியவர்கள் எத்தனை பேர்? சுமார் 10 சதவீதம். 10,000 பேர் இருக்கும் ஊரில் 1,000 பெரியவர்கள், 9,000 மற்றவர்கள். அங்கே 100 பேர் இறந்தால் அந்த 1,000 பேரின் பங்குக்கு 53 மரணம், இந்த 9,000 பேரின் பங்குக்கு 47 மரணம். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: பெரியவர்களுக்குப் பத்து மடங்கு. அந்த 47இலும் பெரும்பகுதி 45 முதல் 59 வயதுக்காரர்கள். இறந்தவர்களில் எந்த வயதினர் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. அந்த வயதினருக்கு நோய் வந்தால் எத்தனை பேர் இறப்பார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கான விடையை இரண்டாவதற்குச் சொல்லக் கூடாது. கீழ் எண்ணை, அதாவது எத்தனை பேரில் என்பதை, கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கான விடை நம் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சுமார் 85,000 நோயாளிகளையும் அவர்களோடு தொடர்பில் இருந்த ஐந்தே முக்கால் லட்சம் பேரையும் வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. நோய் உறுதியானவர்களில், 5 முதல் 17 வயதில் இறந்தது 10,000க்கு 5 பேர். 85 தாண்டியவர்களில் ஆறில் ஒருவர். வித்தியாசம் 300 மடங்குக்கு மேல். இங்கேயும் கீழ் எண்ணைக் கவனியுங்கள்: இது பரிசோதனையில் உறுதியானவர்கள் கணக்கு. தொற்றியும் பரிசோதனைக்கே வராதவர்களையும் சேர்த்தால் எல்லா வயதிலும் விகிதம் இறங்கும், வயதுக்கு வயது ஏறுவது மட்டும் மாறாது.

இரண்டாம் அலையில் "வைரஸ் இப்போது இளைஞர்களைக் குறிவைக்கிறது" என்று மூலைக்கு மூலை பேசினார்கள். நோயாளிகளின் சராசரி வயது முதல் அலையில் 50, இரண்டாவதில் 49 என்று 2021 ஏப்ரலில் அரசுத் தரப்பே சொன்னது. தொற்று பல மடங்கு பெருகியதால் இறந்த இளைஞர்களின் எண்ணிக்கையும் பெருகியது. அந்தக் குடும்பங்களின் துயரம் உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

எல்லாத் தொற்று நோய்களுக்கும் இறப்பு விகிதம் என்ன என்று ஒரு பட்டியல் தரவும்.

தர மாட்டேன். எந்த வயதில், எந்த நாட்டில், சிகிச்சை கிடைத்தா, கிடைக்காமலா? கடும் காலராவுக்கு ஒன்றுமே செய்யாவிட்டால் பாதிப் பேர் இறக்கலாம். உப்புச் சர்க்கரைக் கரைசலும் டிரிப்ஸும் நேரத்தில் கிடைத்தால் 100இல் ஒருவர்கூட இல்லை. இதில் எதைப் பட்டியலில் எழுதுவது? 2020 மார்ச் தொடக்கத்தில் கொரோனா இறப்பு இத்தாலியில் 4 சதவீதத்துக்கு மேல், சீனாவில் 2 சதவீதத்துக்கு மேல். வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு வயதிலும் இத்தாலியில்தான் குறைவு. அங்கே நோயாளிகளில் முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான். ஒரு நோய்க்கு ஒரே எண் என்று கேட்காதீர்கள்.

1918 ஃப்ளூவில் மட்டும் ஏன் இளவயதுக்காரர்கள் அவ்வளவு பேர் இறந்தார்கள்? (யாழ்ப்பாணம்)

நல்ல கேள்வி. சாதாரண ஃப்ளூவில் கைக்குழந்தைகளும் முதியவர்களும்தான் அதிகம் இறப்பார்கள். அந்த வருடம் நடுவிலும் ஒரு மேடு வந்தது, 28 வயதை ஒட்டி உச்சம். பலமான நோயெதிர்ப்பே அவர்களைக் கொன்றது என்று பலர் எழுதுகிறார்கள். அது ஒரு கருத்து மட்டுமே. எனக்கு இன்னொன்று பொருத்தமாகப் படுகிறது: 1889-90ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் குழந்தையில் சந்தித்தது வேறு வகை ஃப்ளூவை, அதனால் 1918 வைரஸுக்கு அவர்கள் உடம்பு தயாராக இல்லை. முதியவர்கள் அதற்கும் முன்பே இதைப் போன்ற ஒன்றைப் பார்த்திருக்கலாம். பெரும்பாலோரின் உயிரை எடுத்தது பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். நாட்டின் மக்கள்தொகை குறைந்ததாகக் கணக்கெடுப்பு காட்டும் ஒரே பத்தாண்டு 1911-21.

கல்லூரி விடுதியில் இருக்கும் மகனுக்கு மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ என்கிறார்கள். கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கிறோம். எங்கள் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வந்து தானாகப் போகுமே? (மதுரை)

6 வயதுக்குள் தொற்றினால் பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு வந்ததே தெரியாது. நோயாக வெளிப்பட்ட சிறுவர்களில் 1,000க்கு ஒருவர் இறக்கலாம், 40 தாண்டினால் 100க்கு இரண்டு பேர். தண்ணீர் சுத்தமாக ஆக ஆக, சிறுவயதில் தொற்றாமல் தப்பியவர்கள் வளர்ந்தபின் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் மகன் வயதில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆனால் பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்துக் கிடந்தால், பேச்சு குழறினால், ஈறில் ரத்தம் கசிந்தால் கீழாநெல்லியை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே பெரிய மருத்துவமனை. மருத்துவரைக் கேட்காமல் பாரசிட்டமால் வேண்டாம். வீட்டில் கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் வயதே பார்க்காதீர்கள்: ஹெபடைடிஸ் ஈ கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஐந்தில் ஒருவரைக்கூடக் கொண்டுபோகும்.

பேத்திக்கு ஒரு மாதம். பார்க்க வருகிறவர்கள் "சும்மா வறட்டு இருமல்தான்" என்று சொல்லித் தூக்குகிறார்கள். தடுத்தால் கோபிக்கிறார்கள். (நாகர்கோவில்)

கோபித்துக்கொள்ளட்டும். கக்குவான் இருமலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைகள். முதல் ஊசியே ஒன்றரை மாதத்தில்தான். இவ்வளவு சின்னக் குழந்தை இருமாமலே இருக்கலாம். மூச்சை நிறுத்தும், உதடு நீலமாகும். அப்படிப் பார்த்தால் காலைவரை காத்திருக்காதீர்கள்.

அம்மாவுக்கு 78 வயது. முதியவர்களிடம் ஃப்ளூ ஊசி சரியாக வேலை செய்யாதாமே, பிறகு எதற்கு? (சென்னை)

இளையவர்களைவிடப் பாதுகாப்பு குறைவு என்பது சரி. அமெரிக்காவில் 65 தாண்டியவர்கள் மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு. ஃப்ளூ மரணத்தில் 70 முதல் 85 சதவீதம் அவர்கள்தான். ஆபத்து இவ்வளவு பெரிதாக இருக்கும்போது பாதியைக் குறைத்தாலே பெரிய லாபம். வருடா வருடம் போடுங்கள், நிமோனியா தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று: இந்த வயதில் நிமோனியா காய்ச்சல் இல்லாமலே வரும். திடீரென்று ஆளை மாற்றிப் பேசுவார்கள், சாப்பாடு வேண்டாம் என்பார்கள், நடக்கும்போது விழுவார்கள். தெர்மாமீட்டரில் 98 காட்டுகிறது என்று சும்மா இருக்காமல், அன்றைக்கே ஆக்சிஜன் அளவைப் பார்த்து மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.