பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றுவது: கேட்டவையும் சொன்னவையும்

அப்பா விட்டுப்போன முந்நூறு சொச்சம் தட்டுகளை நாலு வருடமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன், பாதிகூட முடியவில்லை. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அண்ணா, தாத்தாவோட தட்டு ஒரு பெட்டி நிறைய இருக்கு. யூ.எஸ்.பி. பிளேயர் ஒன்று வாங்கினால் போதுமா?

முதலில் அது என்ன தட்டு என்று பாருங்கள் தம்பி. பீங்கான் மாதிரி கனமாக இருந்து, ஒரு பக்கம் மூன்று மூன்றரை நிமிடத்தில் முடிந்தால் பெரும்பாலும் 78, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய தட்டு. அரக்கில் செய்தது, கைதவறினால் போச்சு. லேசாக வளைந்து கொடுத்தால் வினைல் என்கிற பிளாஸ்டிக். இதை ஏன் கேட்கிறேன் என்றால், எல்.பி. (33 சுற்றில் ஓடுகிற வினைல் தட்டு) ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 78-க்கு 75 மைக்ரான் அளவில் வேண்டும். மெல்லிய ஊசியை 78-இன் அகலப் பள்ளத்தில் விட்டால் அடியில் கிடக்கிற குப்பையை உழுதுகொண்டு போகும், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். ஊசி மாற்றக்கூடிய பிளேயராக வாங்குங்கள்.

கே: என் பிளேயரில் 33, 45 மட்டும்தான். 78-ஐ எப்படிப் பதிவு செய்வது?

ஊசியை மாற்றிவிட்டு 45-லேயே ஓட்டுங்கள், பாகவதர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். பிறகு ஆடாசிட்டி என்கிற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தைக் கூட்டுங்கள், 45-லிருந்து 78 என்று அதிலேயே தேர்வு உண்டு. வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுகிற வசதியைத்தான் எடுக்க வேண்டும், டெம்போவை மட்டும் மாற்றினால் சுருதி இறங்கியே இருக்கும்.

கே: தட்டு முழுக்க பூஞ்சை. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா சார்?

78 என்றால் வேண்டவே வேண்டாம்! நான் செய்து பட்டிருக்கிறேன். துணியில் கறுப்பாக ஏறுவதைப் பார்த்து ஆஹா, என்ன அழுக்கு என்று சந்தோஷமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், அப்புறம்தான் புரிந்தது, கரைந்து வருவது தட்டேதான். அரக்கு ஸ்பிரிட்டில் இருக்கிற சாராயத்தில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான தூரிகை, பள்ளம் ஓடுகிற திசையிலேயே தேய்ப்பு, நடுவில் லேபிள் நனையக் கூடாது, உடனே அலசித் துடைத்து நிழலில் நிறுத்தி வையுங்கள். ஊசியையும் ஒருமுறை பாருங்கள், நுனியில் பஞ்சு உருண்டை மாதிரி தூசி தொங்கும், பாதிப் பேர் தட்டைத் திட்டுவது அதனால்தான்.

கே: நேராகக் கணினியில் சொருகினேன், பேஸே இல்லை, கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம்.

தட்டு வெட்டும்போதே பேஸை (கனத்த கீழ்ச்சத்தம்) குறைத்து, டிரெபிளை (கூர்மையான மேல்சத்தம்) கூட்டித்தான் வெட்டுவார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்வது போனோ ப்ரீஆம்ப் என்கிற கருவி, அது பிளேயருக்கும் கணினிக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். 1954 வாக்கில் இந்தக் கூட்டல் குறைத்தலுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்று பொது அளவு வந்தது, அதற்கு முந்தைய தட்டுகளுக்குக் காதை நம்பித்தான் சரிசெய்ய வேண்டும். 'ம்ம்ம்' கரண்டின் 50 ஹெர்ட்ஸ், பிளேயரின் எர்த் ஒயரை ப்ரீஆம்ப் திருகில் மாட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

கே: எம்பி3 போதாதா?

காரில் கேட்கப் போதும். ஆனால் முதல் பிரதி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்கிற உயர்தர அமைப்பில் வேவ் அல்லது ஃபிளாக், இரண்டும் ஒலியில் எதையும் இழக்காத கோப்பு வகைகள். வேவ் நிமிடத்துக்கு சுமார் 35 எம்.பி. பிடிக்கும், பிடிக்கட்டும். மறுபடி ஓட்டும்போது தட்டு இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

கே: சடசட சத்தத்தை முழுக்க எடுப்பது எப்படி?

எடுக்காதீர்கள். பெரிய டப் டப்பை மட்டும் கையால் எடுங்கள். நான் ஒரு நாதஸ்வரத் தட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று மூச்சுக்காற்றையும் சேர்த்துத் துடைத்து, பிளாஸ்டிக் பீப்பி மாதிரி ஆக்கி வைத்தேன். அசலைத் தொடாமல் நகலில்தான் இந்த விளையாட்டெல்லாம்.

கே: யூடியூபில் போடலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி, அது அவர்கள் இறந்து 60 ஆண்டு வரை. இரண்டையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கே: ஒரு பழைய தட்டில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்கிறார். வெட்டிவிடலாமா?

ஐயையோ, வேண்டாம்! 1902-ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிய தட்டுகளிலும் கடைசியில் அவரே தன் பெயரைச் சொல்வார். அப்போது பதிவு இங்கே, தட்டு அடித்தது ஜெர்மனியில், ஹானோவரில். பாடியது யாரென்று அங்கே இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே. உங்கள் தட்டில் யார் என்ன சொல்கிறார் என்று எழுதுங்களேன், லேபிளில் இருக்கும் எண்ணையும் சேர்த்து.