திரை வழியே பி.டி. வகுப்பு: கேள்வி பதில்

கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது உடற்கல்வியை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு, ஓர் உடற்கல்வி ஆசிரியனாக அப்போது நான் சொன்ன பதில்கள்.

கேள்வி: சார், வாரத்துக்கு ஒரே ஒரு 40 நிமிட ஆன்லைன் வகுப்புதான் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளை நன்றாக வியர்க்க வைத்து அனுப்பினால் போதும்தானே?

போதாது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பு வேண்டும், வாரம் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் சொன்னது. அதற்கு உங்கள் 40 நிமிடம் எந்த மூலைக்கு? வியர்வை மற்ற நாட்களில் வரட்டும். கிடைத்த நேரத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கு வையுங்கள். வகுப்புக்கு ஒரே ஒரு திறன், அதை வாரம் முழுக்கச் செய்துபார்க்க ஒரு பணி, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் அதைப் பற்றிய விசாரிப்பு. அவ்வளவுதான்.

வெறும் உடற்பயிற்சிக்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. 2020 மார்ச்சில் பிரிட்டனில் உடற்பயிற்சியாளர் ஜோ விக்ஸ் யூடியூபில் குழந்தைகளுக்காகத் தொடங்கிய காலை வகுப்பின் ஒரு நேரலை 9.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வைகளோடு கின்னஸ் சாதனை ஆனது. நல்ல முயற்சி, பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் குந்தி எழும்போது உங்கள் மாணவிக்கு முழங்கால் உள்பக்கம் சரிகிறது என்பது அந்த வீடியோவுக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

கேள்வி: எறிதல், பிடித்தல் எல்லாம் மைதானத்திலேயே பாடாய்ப் படுத்தும். இதைத் திரையில் எப்படிச் சார் சொல்லிக்கொடுப்பது?

நான் அதிகம் மெனக்கெடுவது இதில்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஜோடி சாக்ஸை இறுகச் சுருட்டி, ஒன்றின் வாயை மடித்து மற்றதை மூடினால் பந்து தயார். எதையும் உடைக்காது. சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு குறி. வலக்கைக்காரர் என்றால் இடது தோள் சுவரைப் பார்க்க பக்கவாட்டில் நிற்க வேண்டும். முழங்கை தோள் உயரத்துக்கு வர வேண்டும், இடது காலை முன்வைத்து எறிய வேண்டும், எறிந்த கை எதிர்ப்பக்க இடுப்புவரை இறங்கி வர வேண்டும். தொடக்கநிலைப் பிள்ளைகள் பெரும்பாலும் எறியும் கைப்பக்கக் காலையே முன்வைப்பார்கள். வாயால் எத்தனை முறை திருத்தினாலும் அது மாறாது. இடது காலுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ‘எறியும்போது இந்தக் காலால் கோட்டைத் தாண்டு’ என்று சொல்லிப் பாருங்கள், பலருக்கு அங்கேயே சரியாகிவிடும்.

அப்புறம், பக்கவாட்டிலிருந்து எடுத்த 10 விநாடி வீடியோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். போனை இடுப்பு உயரத்தில் எதிலாவது சாய்த்து வைத்து, தலை முதல் கால்வரை தெரிகிற தூரத்தில் நின்றால் போதும். பதிலுக்கு ஒரு குரல் பதிவு, அதில் ஒரே ஒரு திருத்தம். ஐந்து தப்பையும் ஒன்றாகச் சொன்னால் பிள்ளை ஒன்றையும் திருத்தாது.

நேரலையில் செய்துகாட்டும்போது உங்கள் வலதா இடதா என்ற குழப்பம் வரும். கைகால் மாறும் அசைவுகளுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், குந்துதல் போன்றவற்றுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். எல்லாரையும் சேர்ந்து எண்ணச் சொல்லாதீர்கள். இணையத்தில் ஒலி ஆளுக்கொரு நேரத்தில் போய்ச் சேரும், ஒரே இரைச்சலாகிவிடும்.

கேள்வி: நாங்கள் இருப்பது மாடி வீடு. மகன் குதித்தாலே கீழ்வீட்டார் வந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

சத்தம் வராத பயிற்சிகள் நிறைய உண்டு. நான்கு எண்ணும்வரை மெதுவாகக் குந்தி எழுதல், சுவரில் சாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்றல், பிளாங்க் (முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கி நிற்பது), ஒற்றைக்காலில் நின்று சாக்ஸ் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தல். வழவழ தரையில் சாக்ஸோடு செய்ய விடாதீர்கள், வெறுங்கால்தான் நல்லது. ஆனால் எலும்பு வலுவாக அதிர்வும் வேண்டும். வெளியே போக அனுமதி இருக்கும் நேரத்தில் ஸ்கிப்பிங் ஆடட்டும்.

கேள்வி: என் வகுப்பில் பலரிடம் இணையமே இல்லை. போன் இருந்தாலும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது.

2020 ஏப்ரல் வாக்கில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அதில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். நேரலையை நம்பிப் பாடம் அமைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடக் குரல் பதிவு இரவில் வந்தாலும் கேட்டுக்கொள்ளலாம். காதால் கேட்டுச் செய்யும்போது திரையை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை என்பதும் ஒரு லாபம். போனே இல்லாதவர்களுக்குக் குச்சி மனிதர்கள் வரைந்த ஒரு தாள், பாடநூல் போய்ச்சேரும் வழியிலேயே போகட்டும்.

கேள்வி: சார், நான் ஒன்பதாம் வகுப்பு. கேமராவை ஆன் பண்ணாவிட்டால் ஆப்சென்ட் போடுகிறார்கள். நான் கொஞ்சம் குண்டு. எல்லாரும் பார்க்க உடற்பயிற்சி செய்யக் கூச்சமாக இருக்கிறது.

உன் கூச்சம் நியாயமானது. கேமரா இல்லாமலும் நீ செய்ததைக் காட்டலாம், உன் ஆசிரியரிடம் கேட்டுப் பார். பயிற்சி முடிந்ததும் மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 15 விநாடி நாடியை எண்ணி, 4-ஆல் பெருக்கி எழுது. கட்டைவிரல் வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் கடுமையானது. இதையும் குறித்து அனுப்பு.

ஆசிரியர்களுக்கு: கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். எடையைக் கேட்காதீர்கள். பிள்ளைகள் பயிற்சி செய்யும் படத்தை யாரும் எடுத்துப் பகிர இடம் தராதீர்கள். கேலிக்கு ஆளான பிள்ளை இந்தப் பாடத்தையே வெறுத்துவிடும்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவது? போனில் நடை எண்ணிக்கையைப் பார்த்துப் போடலாமா?

வேண்டாம். முற்றம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் ஒற்றை அறைப் பிள்ளைக்கும் அது ஒரே அளவுகோல் ஆகாது. முதல் வீடியோவுக்கும் கடைசி வீடியோவுக்கும் இடையே என்ன திருந்தியது என்று பாருங்கள். வீட்டில் யாருக்காவது அந்த எறிதலைச் சொல்லிக்கொடுத்து அதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். புரிந்திருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஓடும்போது முகக்கவசம் வேண்டுமா?

கடுமையான பயிற்சியின்போது வேண்டாம் என்பதே 2020-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை. மற்றவர்களிடமிருந்து குறைந்தது 1 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

கேள்வி: மகளுக்குக் கொரோனா வந்து குணமாகிவிட்டது. வகுப்பில் உடனே சேர்த்துக்கொள்ளலாமா?

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு இந்த வைரஸ் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும், அந்த நிலையில் கடுமையான பயிற்சி ஆபத்து. அவர் சரி என்ற பிறகும் நடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். விட்டுப்போன வகுப்புகளைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி எந்த ஆசிரியரும் அவளை அவசரப்படுத்தக் கூடாது.

கேள்வி: 40 கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிப் பேசி அலுத்துவிட்டது சார். யாராவது செய்கிறார்களா என்றே தெரியவில்லை.

அந்த 40 பேரையும் ஒரே நேரத்தில் கூப்பிடாதீர்கள். நிர்வாகம் ஒத்துக்கொண்டால் எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, குழுவுக்கு வாரம் 8 நிமிடம் என்றாலும் தனித்தனியாகச் சந்தியுங்கள். அந்த வாரப் பணியை முன்கூட்டியே குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். அந்த 8 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் கஷ்டமாக இருந்தது?