துண்டறிக்கையில் ஒரு மூளைப் படம்

வணக்கம் ஐயா. கடந்த சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூலிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு, அவளுடைய மேற்படிப்பைப் பற்றிக் கேட்க என்னைத் தேடிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தீர்கள். வாசலில் நாலைந்து பேர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகளுக்குப் பாலர் பள்ளி ஆசிரியையாக ஆசை. "பிள்ளை பார்த்துக்கொள்ளவா எஸ்பிஎம் வரை படிக்க வைத்தேன்?" என்று கேட்டீர்கள். பிறகு நீங்களே சமாதானமாகி ஒரு துண்டறிக்கையை நீட்டினீர்கள். ஆறு வார இறுதிகள், நான்காயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்), முடித்தால் 'மூளைவழிக் கல்விப் பயிற்றுநர்' என்று சான்றிதழ்.

அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். முதல் பக்கத்திலேயே இடது மூளைப் பிள்ளை, வலது மூளைப் பிள்ளை என்று பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு மொழியில் இடப்பக்கத்தின் பங்கு அதிகம் என்பது உண்மைதான். அதற்காகப் பிள்ளைகளை இரண்டு சாதியாகப் பிரிப்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அடுத்த பக்கத்தில் மோசார்ட் இசை கேட்டால் குழந்தைக்கு அறிவு கூடுமாம். 1993-இல் வந்த அந்த ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. கண்ட பலனும் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கும் 'நடுமூளை' வகுப்புகளுக்கு நம்மவர்கள் ஒரு காலத்தில் கொட்டிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? பிள்ளைகள் படித்ததெல்லாம் மூக்கோரத்து இடுக்கு வழியாகத்தான்.

உண்மையான மூளை அறிவியலில் இந்தப் பளபளப்பு இராது. பேட்ரீஷியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஆங்கிலம் பேசும் வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளுடன் மாண்டரின் பேசுபவர் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு முறை பேசி விளையாடினார். அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வேறு குழந்தைகளுக்கு அதையே திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. மூன்று மொழி புழங்கும் நம் வீடுகளில், பிள்ளையின் கையில் கைப்பேசியைத் திணித்துவிட்டு மொழி தானாக வரும் என்று இருப்பவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு கெப்போங்கில் ஒரு பாலர் பள்ளிக்குப் போயிருந்தேன். இளம் ஆசிரியை காலி மைலோ டின்னைக் கரண்டியால் தட்டினார். தட்டும்வரை ஆட்டம், நின்றால் சிலை. பத்து நிமிடம் கழித்து விதியைத் தலைகீழாக்கினார்: தட்டினால் சிலை, நின்றால்தான் ஆட்டம். மஞ்சள் சட்டைப் பையன் ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, தூக்கிய காலைக் கீழே வைக்கவும் முடியாமல் ஆடவும் முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தான். பழைய விதியை மறந்து புதியதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், துடிக்கிற காலையும் அடக்க வேண்டும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்கு அது பெரிய வேலை. இந்த வயதில் அது இன்னும் முற்றியிருக்காது. வகுப்பறை விளையாட்டுகளின் வழியே சாதாரண ஆசிரியர்களே இத்திறனை வளர்க்க முடியும் என்பதை அடேல் டயமண்ட் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் 2007-இல் காட்டினார்கள். கெப்போங் ஆசிரியைக்கு ஏன் விதியை மாற்றுகிறோம் என்பது தெரிந்திருந்தது. பாலர் கல்வி டிப்ளோமாவில் படித்தாளாம்.

'பிள்ளை பார்த்துக்கொள்வது' என்றதும் நமக்குத் தோட்டத்து ஆயாக் கொட்டகைதான் கண்முன் வருகிறது. விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளை ஒரு கிழவி பார்த்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகள் போக நினைப்பது அங்கே இல்லை.

இனி வழி. எஸ்பிஎம்மில் மூன்று பாடங்களில் கிரெடிட் தரத் தேர்ச்சி இருந்தால் பொதுவாக டிப்ளோமாவில் சேரலாம். கல்லூரியின் பெயரைவிட அந்தப் படிப்பு எம்கியூஏ என்ற மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனும் கிடைக்காது. செய்முறைப் பயிற்சி எத்தனை வாரம் என்று கேளுங்கள். நான்கு வயதுக்குக் கீழ் தஸ்கா எனும் குழந்தைப் பராமரிப்பு மையம், அது சமூக நல இலாகாவின் கீழ் வருகிறது. நான்கு முதல் ஆறு வரை தடிகா எனும் பாலர் பள்ளி, கல்வி அமைச்சின் கீழ். இரண்டுக்கும் விதிகள் வேறு. மேலே படிக்க மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்திலும் (உப்சி) இத்துறைக்குப் பட்டப்படிப்பு உண்டு. மூளைதான் ஈர்க்கிறது என்றால் உளவியல் பக்கம் திரும்பலாம், அது வேறு பாதை, நீண்ட பாதை.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். தனியார் பாலர் பள்ளிகள் பலவற்றில் தொடக்கச் சம்பளம் குறைந்தபட்ச ஊதியமான 1,700 வெள்ளியை ஒட்டித்தான் நிற்கிறது. பட்டம் பெற்று அரசுப் பாலர் வகுப்புக்குள் போனால் நிலைமை மாறும், ஆனால் அங்கே போட்டி கடுமை.

விண்ணப்பிக்கும் முன் வீட்டுக்குப் பக்கத்துப் பாலர் பள்ளி ஒன்றில் அனுமதி கேட்டு மகளை இரண்டு வாரம் உதவிக்கு அனுப்புங்கள். மூக்குச்சளி, அழுகை, ஈரக் காற்சட்டை எல்லாம் பார்க்கட்டும். மூன்றாவது வாரமும் போகிறேன் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், விண்ணப்பப் பாரங்களைச் சேர்ந்து நிரப்பலாம்.